படிப்புரையில் ஒரு புத்தகப் பெட்டி

வீட்டுக்கு முன்னால் படிப்புரை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் திண்ணை போதும், கார் நிற்கும் ஷெட்டும் போதும். பத்துப் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார இடம், 40 புத்தகங்கள், வாரத்தில் ஒரு மணி நேரம், முதல் ஆறு மாதத்துக்குச் சுமார் 3,000 ரூபாய். இவ்வளவு இருந்தால் தெருப்பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பிடம் தொடங்கிவிடலாம்.

இந்த வேலையில் எளிய பகுதி புத்தகம் வாங்குவதுதான். பள்ளி ஆண்டு விழாவில் பரிசாக வந்த கதைப் புத்தகங்கள் எத்தனையோ வீடுகளில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து வாசித்துக் காட்ட ஆள் இல்லை, அதனால் பிள்ளைகளும் தொடுவதில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் முதலில் ஆளைப் பிடிப்போம், பிறகு பெட்டிக்குப் போவோம்.

தொடங்கும் முன் நான்கு முடிவுகள்

1. யார் வாசிப்பது? இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாசிப்பார், மற்றவர் சின்னப் பிள்ளைகளையும் வாசலையும் கவனிப்பார். வாசிக்கிறவர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. வில்லுப்பாட்டுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்ட ஆச்சி ஒருவர் தெருவில் இருந்தால் முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கண் பார்வை சரியில்லை என்பாரானால் நீங்கள் வாசியுங்கள், அவர் சொல்லட்டும்.

2. எந்த நாள்? ஞாயிறு காலை பல வீடுகளில் ஆராதனைக்குப் போகும் நேரம். மாலையில் சில பிள்ளைகளுக்கு மதரஸா, பலருக்கு டியூஷன். கடற்கரை ஊர்களில் வள்ளம் கரையேறும் நேரம் வீட்டுக்கு வீடு வேலை இருக்கும். நாலு வீட்டில் விசாரித்துவிட்டு நாளைக் குறியுங்கள். பெரும்பாலான தெருக்களுக்குச் சனிக்கிழமை மாலை 4.30 முதல் 5.30 வரை ஒத்துவரும். ஒருமுறை குறித்த நேரத்தை மாற்றாதீர்கள். இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் மூன்றாம் வாரம் ஆள் வராது.

3. எத்தனை பேர்? 10 பேருக்கு மேல் வேண்டாம். படம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கூட்டம் கூடினால் 4 முதல் 7 வயது வரை ஒரு வாரம், 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அடுத்த வாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

4. எங்கே உட்காருவது? வாசிக்கிறவர் வெளிச்சமான வாசலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. எதிரே இருக்கும் பிள்ளைகளுக்குக் கண் கூசும், படம் கறுப்பாகத் தெரியும். பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து புத்தகத்தின்மேல் விழும்படி இடத்தை அமையுங்கள்.

பெட்டியை நிரப்புதல்

முதல் பெட்டிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும்:

- படப் புத்தகங்கள்: 16
- பாட்டு, விடுகதைப் புத்தகங்கள்: 6
- சிறுகதைத் தொகுப்புகளும் நாட்டுப்புறக் கதைகளும்: 10
- அறிவியல், பறவை, செடி கொடி பற்றியவை: 5
- வாரம் ஓர் அத்தியாயமாக வாசிக்கத்தக்க நாவல்கள்: 3

படப் புத்தகங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டும் 1957இல் தொடங்கியவை. இன்றும் மெல்லிய படப் புத்தகங்களைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள புத்தகங்கள் கிடைக்கும். ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தமிழைத் தட்டித் தடவி வாசிக்கும் பிள்ளைக்கு இவை கைப்பிடி. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளையும் பாருங்கள். பணம் பற்றாவிட்டால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அச்செடுத்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு. பத்துக் கதையை வண்ணத்தில் அச்செடுத்துத் தைத்துக்கொண்டால் பெட்டியில் கால்வாசி நிரம்பிவிடும்.

பாட்டு. பாட்டுக்கு வெளியூர் போக வேண்டாம். நம் குமரி மாவட்டத்தில், சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கென்றே எழுதிய பாட்டுகள் அவருடைய ‘மலரும் மாலையும்’ தொகுப்பில் இருக்கின்றன. பசு, கன்று, கிளி, கோழி என்று பிள்ளை பார்த்த பொருளே பாட்டு. அவர் 1954இல் மறைந்தார். 60 ஆண்டுப் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. எனவே அவருடைய பாட்டைப் பெரிய சார்ட் தாளில் எழுதித் தயங்காமல் சுவரில் மாட்டலாம். இன்னொரு கவிஞர் வேண்டுமென்றால் அழ. வள்ளியப்பா. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர். அவர் பாட்டுக்குத் தாளம் தானாக வரும்.

பெரிய பிள்ளைகளுக்கு. சாகித்திய அகாதெமி 2010 முதல் ஆண்டுதோறும் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. அதன் தமிழ்ப் பட்டியலைக் கடைக்குக் கொண்டுபோகும் சீட்டாகவே வைத்துக்கொள்ளலாம். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023இலும், யூமா வாசுகியின் ‘தன்வியின் பிறந்தநாள்’ 2024இலும் இவ்விருது பெற்றவை. தொடர்ந்து வாசிக்க ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ நல்ல தேர்வு. எழுதியவர் நம் மாவட்டத்துக்காரர், கதை நடப்பது இமயமலையில். பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே கவர்ச்சி. ஜப்பானியப் பள்ளி ஒன்றின் கதையான ‘டோட்டோ-சான்’ பிள்ளைகளைவிடப் பெற்றோரை இழுத்து உட்காரவைக்கும் புத்தகம்.

அறிவியல். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் 1987 முதல் கொண்டுவரும் ‘துளிர்’ இதழுக்குச் சந்தா கட்டிவிடுங்கள். மாதம் ஒரு புதிய இதழ் வருவது பெட்டியை உயிரோடு வைத்திருக்கும். பறவைப் புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும். தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த நீர்நிலைப் பகுதிக்கு 2022இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. புத்தகத்தில் பார்த்த நாரையைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வந்து சொல்ல உங்கள் பிள்ளைகளால் முடியும். சென்னைப் பிள்ளைக்கு இது லேசில் வாய்க்காது.

மலையாளம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இருப்பவர்கள் நாலைந்து மலையாளப் படப் புத்தகங்களும் சேருங்கள். வீட்டில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த அம்மச்சி இருப்பார். அவரை ஒரு வாரம் வாசிக்கக் கூப்பிட அதுவே வழி.

குறிப்பு: வாங்கும் முன் மாவட்ட மைய நூலகத்திலோ ஊர்க் கிளை நூலகத்திலோ உறுப்பினராகி நாலு புத்தகம் எடுத்து வந்து வாசித்துப் பாருங்கள். வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் நீங்கள் கட்டுகிறீர்கள். பிள்ளைகள் இரண்டு தடவை கேட்கிற புத்தகத்தை மட்டும் சொந்தமாக வாங்கினால் போதும்.

அடுக்கும் முறை

1. புத்தகத்தை முதுகு தெரியும்படி அடுக்காதீர்கள். பிள்ளைகள் அட்டையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். உயரம் குறைந்த பிளாஸ்டிக் பெட்டியிலோ, ஓரம் தேய்த்த கள்ளிப்பெட்டியிலோ, அட்டை முன்னால் பார்க்கும்படி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துங்கள்.
2. அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு. அதே பெயர்களை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பழகிய பிள்ளைக்கு உடனே புரியும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறப் பொட்டு ஒட்டுங்கள்.
3. பொட்டு பெரியவர்களுக்கான அடையாளம். ‘நீ இன்னும் நட, அதை எடுக்காதே’ என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை ‘பற’ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால் போகட்டும். வீட்டில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது எடுக்கிறது.
4. 40 புத்தகத்தையும் ஒரே நாளில் வெளியே வைக்க வேண்டாம். 25 போதும். மாதம் ஒருமுறை மிச்சத்தை மாற்றி வையுங்கள்.

அந்த ஒரு மணி நேரம்

முந்தின நாள் ராத்திரி கதையைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்துவிடுங்கள். எந்தச் சொல்லில் நாக்கு இடறுகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

1. முதல் 10 நிமிடம், பாட்டு. பிந்தி வரும் பிள்ளைகளும் வந்து சேர இந்த நேரம் வேண்டும். கவிமணி பாட்டு ஒன்றைக் கைத்தாளத்தோடு மூன்று தடவை பாடுங்கள்.
2. அடுத்த 15 நிமிடம், வாசித்தல். அட்டையைக் காட்டி, எழுதியவர் பெயரையும் படம் போட்டவர் பெயரையும் சொல்லுங்கள். புத்தகத்தை உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் மட்டத்துக்குப் பிடியுங்கள். பக்கம் திருப்பும் முன் மூச்சு விடும் நேரம் நிறுத்துங்கள். அடுத்து என்ன என்று பிள்ளை யோசிப்பது அந்த இடைவெளியில்தான்.
3. 10 நிமிடம், நம்ம பேச்சில் சொல்லுதல். முதல் தடவை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். இரண்டாம் தடவை புத்தகத்தை மூடிவிட்டு நாஞ்சில் தமிழில் சொல்லுங்கள். புத்தகத்தில் ‘தாத்தா’ வந்த இடத்தில் பிள்ளை ‘பாட்டா’ என்று சொன்னால் திருத்தாதீர்கள். கதை அதன் வீட்டுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.
4. 15 நிமிடம், தானாக வாசித்தல். பெட்டியைத் திறந்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரு புத்தகத்தைப் பிடித்து இழுத்தால் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களும் ஒரு புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். போனைக் கையில் எடுக்காதீர்கள்.
5. கடைசி 10 நிமிடம், வீட்டுக்கு எடுத்துப்போதல். ஆளுக்கு ஒரு புத்தகம். நோட்டில் தேதியையும் புத்தகத்தின் பெயரையும் பிள்ளையே எழுதட்டும். எழுதத் தெரியாதவர் ஒரு படம் வரையலாம்.

தின்பண்டம் தருவதானால் எல்லாம் முடிந்த பிறகு ஆளுக்கு ஒரு மட்டிப்பழம் போதும். உப்பேரியும் முறுக்கும் புத்தகத்துக்கு எமன். எண்ணெய்க் கறை எதற்கும் போகாது.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

- ‘இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ இந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில் படிப்புரை பள்ளிக்கூடமாகிவிடும். கேட்டே ஆக வேண்டுமென்றால், ‘உனக்கு எந்தப் படம் பிடித்தது மக்களே?’ என்று கேளுங்கள்.
- பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வது. தட்டுத் தடுமாறி வாசிக்கும் பிள்ளை அடுத்த வாரம் வராது. தானாகக் கேட்கும் வரை காத்திருங்கள்.
- ‘இதைத்தான் போன வாரம் வாசித்தோமே!’ ஒரே புத்தகத்தை ஐந்தாம் தடவை கேட்டால் ஐந்தாம் தடவையும் வாசியுங்கள். வரி மனப்பாடமான பிறகுதான் சின்னப் பிள்ளை எழுத்தை வரியோடு பொருத்திப் பார்க்கத் தொடங்கும்.
- கிழிந்த பக்கத்துக்கு அபராதம். நான் முதல் வருடம் 5 ரூபாய் அபராதம் வைத்தேன். புத்தகம் கிழிவது நிற்கவில்லை. புத்தகம் எடுப்பதுதான் நின்றது. அபராதத்தை எடுத்துவிட்டு ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதிய ஓர் அட்டைப்பெட்டி வைத்தேன். கிழிந்ததை அவர்களே கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள்.
- இலவசமாக வந்ததையெல்லாம் வாங்கிப்போடுவது. பழைய கைடும் வினா விடைப் புத்தகமும் நன்கொடையாக வந்து குவியும். கும்பிட்டு வாங்கி, பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மழைக்கும் தாக்குப்பிடிக்க

ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இரண்டும் பெய்கிற ஊர் நமது. மதுரைக்காரருக்குச் சொல்லும் யோசனை இங்கே பலிக்காது.

1. பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலும், சுவரை விட்டு நாலு விரல் தள்ளியும் வையுங்கள். கறையான் ஏறினால் கண்ணில் படும், காற்றும் போகும்.
2. மழைக்காலத்தில் புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை விரித்து நிறுத்தி அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். உச்சி வெயிலில் போட்டால் அட்டை வளைந்து நிறம் போய்விடும். நிழல் காற்றுதான் சரி.
3. பூசணம் பிடித்த புத்தகத்தை உடனே தனியே எடுங்கள். காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் பெரியவர்கள் தட்ட வேண்டும். வீசிங் உள்ள பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது. பூசணம் தாளுக்குள் இறங்கியிருந்தால் அந்தப் புத்தகத்தைக் கைவிடுங்கள்.
4. பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று பிள்ளை வாயில் போட்டுவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.
5. கடலோர ஊர்களில் ஸ்டேப்ளர் பின் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு தாளைத் தின்னும், விரலையும் கீறும். புதுப் புத்தகம் வந்ததுமே பின்னைக் கழற்றித் தைத்துவிடுங்கள்.

மூன்று துளைத் தையல்: நடு மடிப்பில் மேலே, நடுவில், கீழே என மூன்று துளை போடுங்கள். தடித்த பருத்தி நூலை நடுத் துளை வழியாக உள்ளிருந்து வெளியே விடுங்கள். நூல் நுனி ஒரு சாண் உள்ளேயே நிற்கட்டும். பிறகு மேல் துளையில் வெளியிலிருந்து உள்ளே. அங்கிருந்து நடுத் துளையைத் தாண்டி, கீழ்த் துளையில் உள்ளிருந்து வெளியே. கடைசியாக நடுத் துளை வழியாக மறுபடி உள்ளே. உள்ளே நீளமாக ஓடும் நூலின் இரு பக்கமும் இரண்டு நுனிகள் இருக்கும்படி இழுத்து, அதன்மேல் முடிச்சுப் போடுங்கள். ஊசி வேலை பெரியவர்களுக்கு மட்டும்.

கிழிந்த பக்கத்துக்குச் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். வெள்ளைப் பசையை மெல்லத் தடவி, மெல்லிய தாள் துண்டை ஒட்டி, இரு பக்கமும் எண்ணெய்த்தாள் வைத்து, ஒரு ராத்திரி கனமான பொருளை ஏற்றி வையுங்கள்.

பாதுகாப்பு: இதில் சமரசம் இல்லை

1. பிள்ளைகள் இருக்கும் நேரம் முழுக்க இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறைக்குள் போகக் கூடாது. நீங்களும் சேர்த்துத்தான்.
2. வீட்டில் கிணறு இருந்தால் இரும்பு வலை மூடிய பிறகே முதல் கூட்டம். குளமோ கால்வாயோ உள்ள தெருவில் ஏழு வயதுக்குட்பட்டவர்களைப் பெரியவர் ஒருவர் வந்து கூட்டிப்போக வேண்டும்.
3. மழைக்காலத்தில் பிள்ளைகள் வரும் முன் பெட்டியை நகர்த்தி, பாயை உதறிப் பாருங்கள். ஈரம் இல்லாத மூலையைத் தேடிப் பாம்பும் வரும்.
4. இடி மின்னலுடன் மழை கொட்டினால் கூட்டத்தை உள் அறைக்கு மாற்றுங்கள். கதை முடிந்தாலும் மழை விடும்வரை அனுப்பாதீர்கள்.
5. வாயில் போடும் வயதுப் பிள்ளைகளுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் மட்டும். பொத்தான், மணி ஒட்டிய புத்தகங்களை ஒதுக்குங்கள்.
6. பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் ஒவ்வொரு வீட்டிலும் சம்மதம் கேளுங்கள். பெயரோ பள்ளியோ அதில் வேண்டாம்.
7. தொடுதல் பற்றிப் பிள்ளைகளோடு பேச யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ உதவும். 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். முதலில் நீங்கள் முழுக்க வாசியுங்கள், பிறகு பெற்றோருக்குக் கொடுங்கள், அதற்குப் பிறகே பிள்ளைகளுக்கு. வாசிக்கும்போது ஒரு பிள்ளை ஏதாவது சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

ஆறு மாதக் கணக்கு

- முதல் மாதம்: நாலு பேர் வந்தால் நல்ல தொடக்கம். யாரும் வராத வாரத்திலும் பெட்டியைத் திறந்து, 4.30க்கு உட்கார்ந்து வாசியுங்கள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்.
- மூன்றாம் மாதம்: நோட்டைப் புரட்டுங்கள். யாரும் எடுக்காத ஐந்து புத்தகங்களை மாற்றிவிட்டு, அடிக்கடி போகும் புத்தகத்தில் இன்னொரு பிரதி வாங்குங்கள்.
- ஐந்தாம் மாதம்: பெற்றோரை ஒருநாள் கூப்பிடுங்கள். பேச்சு வேண்டாம். அவர்களையும் பாயில் உட்காரவைத்து ஒரு கதை வாசியுங்கள்.
- ஆறாம் மாதம்: அதற்குள் ஒரு பிள்ளை, ‘ஒருநாள் நான் வாசிக்கட்டா?’ என்று கேட்டிருக்கும். அநேகமாக, நீங்கள் ஒருநாளும் எழுப்பி வாசிக்கச் சொல்லாத பிள்ளையாக இருக்கும். புத்தகத்தை வெள்ளிக்கிழமையே கையில் கொடுத்து, சத்தமாக இரண்டு தடவை வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் உங்கள் ஸ்டூலை அதற்குக் கொடுத்துவிட்டுப் பாயில் போய் உட்காருங்கள். எழுத்துத் தப்பினால் திருத்தாதீர்கள். பக்கம் திருப்பும் முன் அது நிறுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.